ஸ்பிரிட் சாயத்தை நீர்க்கச் செய்யும் கரைப்பான்: நான் செய்து பார்த்தவை

சென்னையின் தோல் சந்தையான பெரியமேட்டில் வாங்கிய 3 மி.மீ. தடிமனுள்ள தோலில் ஒரு பெல்ட் வெட்டி, அதற்கு நடுத்தரப் பழுப்பு நிற ஸ்பிரிட் சாயத்தை, அதாவது ஆல்கஹாலில் கரைத்த தோல் சாயத்தை, பாட்டிலிலிருந்து நேரடியாகவே பூசியபோதுதான் இந்தத் தேடல் தொடங்கியது. தாவரப் பட்டைகளால் பதனிட்ட நம் ஊர்த் தோல் வைக்கோல் நிறத்தில், மிகுந்த தாகத்தோடு இருக்கும். சாயம் பூசும் கம்பளி உருண்டை தொட்ட இடத்திலேயே சாயம் முழுவதும் உறிஞ்சப்பட்டு, ஓர் இழுப்பு மற்றோர் இழுப்போடு சேரும் கோடுகளெல்லாம் கருகியதுபோல் நின்றுவிட்டன. சாயத்தில் குறையில்லை, அந்த அடர்த்தியில் பூசியது என் தவறு. உற்பத்தியாளர்கள் இதற்கென்றே விற்கும் நீர்க்கச் செய்யும் திரவம் எனக்கு இங்கே கிடைக்கவில்லை. எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அதை விமான அஞ்சலில் தருவிக்கவும் வழியில்லை. ஆகவே அதன் வேலையை இங்கே கிடைக்கும் எது செய்யும் என்று ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன்.

கரைப்பானிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டேன். ஸ்பிரிட் சாயத்தில் நிறப்பொருள் ஆல்கஹாலில் முழுமையாகக் கரைந்திருக்கிறது. நாம் சேர்க்கும் திரவமும் அந்த நிறப்பொருளைக் கரைத்தே வைத்திருக்க வேண்டும். தோலின் நார்களுக்குள் அதைச் சுமந்து செல்லும் அளவுக்கு நேரம் ஈரமாக இருக்க வேண்டும். பின்னர் சுவடே இல்லாமல் ஆவியாகிவிட வேண்டும். மூன்றாவது நிபந்தனையை நான் தொடக்கத்தில் அற்பமாக நினைத்தேன். சோதனைகள் முடிந்தபோது அதுவே முதல் நிபந்தனையாகத் தெரிந்தது.

ஒரே தோலின் வயிற்றுப் பகுதியிலிருந்து 4 × 10 செ.மீ. துண்டுகளை வெட்டினேன். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, ஒரு பங்கு சாயத்துக்கு மூன்று பங்கு கரைப்பான் என்று கண்ணாடிக் குப்பிகளில் கலந்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு இழுப்பு மட்டுமே பூசி, ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, வெள்ளைத் துணியால் 20 முறை தேய்த்துப் பார்த்தேன். பிறகு குறுக்கே வெட்டி, சாயம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்த்தேன். இவற்றோடு, சாயம் கலக்காத கரைப்பானில் ஒரு சொட்டை முகம் பார்க்கும் கண்ணாடியில் விட்டு, உலர்ந்த பின் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன்.

மருந்துக்கடையில் கிடைத்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்டுடன் தொடங்கினேன். பூசியதும் வந்த நிறம் அழகாகவும் சீராகவும் இருந்ததால், தேடல் முதல் நாளிலேயே முடிந்தது என்று மகிழ்ந்தேன். மறுநாள் காலையில் வெள்ளைத் துணி பழுப்பாகிவிட்டது. மேலே பூசிய மெழுகும் சில இடங்களில் பிடிக்கவில்லை. அப்போதுதான் கண்ணாடியில் விட்ட சொட்டைக் கவனித்தேன். அது உலர்ந்திருக்க வேண்டிய இடத்தில் ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒரு வட்டம் பளபளத்தது. விரலால் தொட்டால் வழுக்கியது, முகர்ந்தால் தசைவலித் தைலத்தின் வாடை வந்தது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டின் வழக்கமான தயாரிப்பு முறை ஒன்றில் ஆல்கஹாலோடு விளக்கெண்ணெயும் மெத்தில் சாலிசிலேட்டும் சேர்க்கப்படுகின்றன. சருமம் வறளாமல் காக்கும் அந்த எண்ணெய் நம் உடம்புக்கு நல்லது. சாயத்துக்கும் நாருக்கும் இடையில் புகுந்தால் சாயம் பிடிக்காது.

கைகழுவும் சானிடைசரை நீண்ட நேரம் சோதிக்க வேண்டியிருக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவையிலேயே கிளிசராலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கணிசமான நீரும் உண்டு. ஜெல் வகையில் கெட்டிப்படுத்தும் பொருளும் சேர்கிறது. கண்ணாடியில் பிசுக்கு தெளிவாகத் தெரிந்தது. டர்பன்டைன் அதைவிடச் சீக்கிரம் விடைபெற்றது: கலந்த சில நிமிடங்களில் நிறப்பொருள் திரிந்து குப்பியின் அடியில் சேறுபோல் படிந்தது. பெயின்ட் கடையில் விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சுக்கான தின்னர் சாயத்தைக் கரைத்தாலும், டொலுயீன் போன்றவை கலந்த அந்தப் புகையை வீட்டில் வைத்துச் சுவாசிக்க நான் தயாராக இல்லை.

அசிட்டோன் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. கண்ணாடியில் எதுவும் மிஞ்சவில்லை. சாயமும் நன்றாகவே கரைந்தது. ஆனால் அதன் கொதிநிலை 56 டிகிரி மட்டுமே. சென்னையின் மே மாதப் பிற்பகலில் கம்பளி உருண்டை தோலைத் தொடுவதற்குள் பாதி பறந்துவிடுகிறது. வெட்டிப் பார்த்தபோது சாயம் முடிப்பக்கத்தின் (முடி இருந்த வழுவழுப்பான பக்கத்தின்) மேற்பரப்பில் ஒரு மெல்லிய கோடாக நின்றிருந்தது. அடியில் தோல் வெளுப்பாகவே இருந்தது. தோலில் இயல்பாக உள்ள கொழுப்பையும் அது கழுவிவிட்டதால், துண்டு மடங்கும்போது மொறுமொறுத்தது. பழைய பூச்சை அகற்ற அசிட்டோன் சிறந்தது. சாயத்தைச் சுமக்க அது ஏற்றதல்ல.

தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷுக்குப் பயன்படுத்தும் டீநேச்சர்டு ஸ்பிரிட்தான் (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த ஆல்கஹால்) இயல்பான விடை என்று வெளிநாட்டுத் தோல் கைவினைஞர்கள் சொல்வது வழக்கம். தமிழ்நாட்டில் அது 1959-ஆம் ஆண்டின் விதிகளின்படி உரிமத்துக்கு உட்பட்ட பொருள் என்பதால், அதை நான் தேடிப் போகவில்லை. மெத்தனாலை முயற்சிகூடச் செய்யவில்லை. அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் சேர்ந்து, அங்கே ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கக்கூடியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததை நாம் கண்டோம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் குப்பி என் மேசையில் இடம்பெறாது. இதைப் படிப்பவர்களும் அதை ஒதுக்கிவிட வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியில் விடை சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் கிடைத்தது. மின்னணுப் பலகைகளைத் துடைக்க அங்கே விற்கப்படும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலின் கொதிநிலை 82 டிகிரியை ஒட்டியது. எத்தனாலைவிட அது சற்று நிதானமாக உலர்கிறது. கண்ணாடியில் சொட்டு விட்ட இடத்தைப் பின்னர் கண்டுபிடிக்கவே முடியவில்லை. துணியில் மிகக் குறைவாகவே நிறம் ஏறியது. சாயம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருந்தது. ஆனால் 70 சதவீதம் என்று விற்கப்படுவதை வாங்கினால் இந்தப் பலன் கிடைக்காது. மீதி 30 சதவீதம் நீர். அந்த நீர், பதனிடும் பட்டையிலிருந்து தோலில் ஏறிய டானின் என்ற துவர்ப்புப் பொருளைக் கரைத்து ஈரத்தின் விளிம்புக்குத் தள்ளுவதால், உலர்ந்த பின் தேநீர்க் கறைபோல் ஒரு வளையம் நிற்கிறது. இரண்டையும் பிரித்தறியச் சமையல் உப்பே போதும். 99 சதவீதத்தில் உப்பு மணல்போல் அடியில் உதிரியாகக் கிடக்கும். 70 சதவீதத்தில் தாராளமாக உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் திரவம் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்பதைக் கண்ணால் காணலாம்.

அகலமான பரப்பில் மட்டும் இழுப்புக் கோடுகள் தொடர்ந்து தெரிந்தன. உலர்வதை இன்னும் தாமதப்படுத்த, ஸ்கிரீன் பிரின்டிங் கடைகளில் விற்கும் ரிட்டார்டரைச் சிறிது சேர்க்கலாமா என்று யோசித்தேன். அவற்றில் சிலவற்றில் இருக்கும் பியூட்டைல் செல்லோசால்வ் தோல் வழியாக உடம்பில் சேரும் தன்மையுடையது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத குப்பியை வாங்க மனம் ஒப்பவில்லை. மாறாக, சாயம் கலக்காத ஐசோபுரோபைல் ஆல்கஹாலையே முதலில் தோல் முழுவதும் தடவி, அது பளபளப்பு மங்கி ஈரம் மட்டும் நிற்கும் தறுவாயில் நீர்த்த சாயத்தை வட்ட வட்டமாகப் பூசினேன். நார்கள் ஏற்கெனவே நனைந்திருந்ததால் முதல் தொடுதலில் சாயம் பாயவில்லை, கோடுகள் மறைந்தன. இவ்வளவு நாள் பிடித்த சோதனைகளில் என் வேலையை உண்மையில் மாற்றியது இந்த முன்நனைப்புதான்.

இதை மொட்டை மாடியில் மட்டுமே செய்கிறேன். ஐசோபுரோபைல் ஆல்கஹாலின் தீப்பற்று நிலை ஏறத்தாழ 12 டிகிரி என்பதால், நம் ஊரின் எந்தப் பருவத்திலும் அதன் ஆவி ஒரு பொறிக்குத் தீப்பிடிக்கும். சமையலறைக்கு அருகில் குப்பியைத் திறக்கவே கூடாது. நைட்ரைல் கையுறை அவசியம். காற்றிலுள்ள ஈரத்தையும் அது ஈர்க்கும் என்பதால், மழைக்காலத்தில் மூடியைத் திறந்தபடி விடுவதில்லை. சாயம் பூசி ஒரு நாள் கழித்து மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவினால், ஆல்கஹால் எடுத்துச் சென்ற மென்மை ஓரளவு திரும்பிவிடுகிறது.

கறுப்புக்கு மட்டும் நான் இந்த வழியை நாடுவதில்லை. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்த நீரைத் தடவினால், இரும்பு தோலின் டானினோடு சேர்ந்து நாருக்குள்ளேயே கறுத்துவிடுகிறது. வெல்ல நீரில் இரும்பை ஊறவைத்து, டானின் நிறைந்த கடுக்காய் ஏற்றிய துணியில் கறுப்பு எழுதும் கலம்காரிக் கலைஞர்களின் முறையும் இதே வினைதான்.

பழுப்புக்கு இப்போது ஆழ்ந்த நிறம் வேண்டுமென்றால் ஒன்றுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்றுக்கு மூன்று, தேன் நிறத்துக்கு ஒன்றுக்கு எட்டு என்று கலந்து, இரண்டு அல்லது மூன்று முறை பூசுகிறேன். ஒவ்வொரு விகிதத்திலும் ஒரு துண்டைப் பாதி அலுமினியத் தாளால் மூடித் தெற்குச் சன்னலில் ஒட்டியிருந்தேன். ஆறு வாரம் கழித்துத் தாளைப் பிரித்தபோது ஒன்றுக்கு மூன்று துண்டில் எல்லைக்கோட்டைத் தேட வேண்டியிருந்தது. ஒன்றுக்கு எட்டு துண்டில் வெயில் பட்ட பாதி தெளிவாக வெளுத்திருந்தது. தேன் நிறத்தில் கேட்டிருந்த கைப்பை வாரை ஒன்றுக்கு ஐந்து விகிதத்தில் பூசி, அதன் துண்டையும் நேற்று அதே சன்னலில் ஒட்டியிருக்கிறேன்.