பெர்னி மேசை

மிச்சிகனுக்கு வந்த புதிதில் மதியச் சாப்பாட்டைக் காரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். மைக்ரோவேவில் சாம்பார் சாதத்தைச் சூடு பண்ணினால் வாசனை தளம் முழுக்கப் போகும், யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று கூச்சம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானாகவே எடுத்துக்கொண்ட முடிவு. 2016 ஜனவரியில் குளிர் இறங்கியதும் எஞ்சினை ஓடவிட்டாலும் விரல் விறைத்தது, ஸ்பூன் பிடிக்க முடியவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஒரே ஒரு மேசையில்தான் காலி நாற்காலி இருந்தது.

அதில் மூன்று பேர். தர ஆய்வில் வேலை பார்க்கும் அறுபதைத் தொட்ட ஒரு பெண்மணி, இவருடைய கணவர் வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலை மெக்சிகோவுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. சோதனைக்கூடத்தில் இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருவன், தலைக்கு மேல் கல்விக் கடன். அப்புறம் விலைக் கணக்குப் பிரிவில் இருந்த ஒல்லியான மனிதர், எதற்கெடுத்தாலும் எக்செல். வீட்டில் மனைவியிடம் கதை சொல்லும்போது பெயர் குழப்பம் வரக்கூடாதென்று யூனியன் அம்மா, கடன்காரத் தம்பி, கணக்கு என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். மூவரும் பெர்னி சாண்டர்ஸ் ஆட்கள், அந்த வருட அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நிற்க ஹிலாரி கிளின்டனோடு மோதிக்கொண்டிருந்தவர். அவர் ஜெயிப்பாரா மாட்டாரா என்று தினமும் சண்டை போடுவார்கள், ஆனால் மூவரும் அவருக்குத்தான் ஓட்டு. அதுதான் எனக்கு முதலில் புரியவில்லை. ஊரில் எதிர்க்கட்சிக்காரனோடு சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒரே ஆளை ஆதரிப்பவர்கள் இப்படி அடித்துக்கொண்டு பார்த்ததில்லை.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் சிங்காநல்லூர் பக்கம் மில்லில் இருந்தவர், செங்கொடிச் சங்கம், மில் மூடும்வரை. அதிபர் தேர்தலுக்கு முன்னாடி கட்சிக்குள்ளேயே யாரை நிறுத்துவது என்று ஒவ்வொரு மாநிலமாக ஓட்டெடுப்பு நடக்கும், மிச்சிகனில் கட்சி உறுப்பினராகக்கூட இருக்க வேண்டாம், சாவடியில் போய் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன்.

"கட்சியிலயே இல்லாதவன் வந்து கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பானா? அப்புறம் மாவட்டம், வட்டம்னு எதுக்குடா இருக்கறாங்க?"

"அந்தப் பெரியவரே இத்தனை வருஷமா கட்சியில இல்லைங்கப்பா. வெர்மான்ட்ல சுயேச்சையா நின்னு ஜெயிச்சவரு."

"சுயேச்சையா? டெபாசிட் தேறுமாடா கண்ணு?"

தேறியது. அயோவாவில் 49.8-க்கு 49.6 என்று ஹிலாரி கிளின்டனிடம் மயிரிழையில் தோற்றார், நியூ ஹாம்ப்ஷயரில் 60-க்கு 38 என்று அடித்தார். மேசையில் ஒரே கொண்டாட்டம். பிப்ரவரி கடைசியில் தெற்கு கரோலினாவில் 26 சதவீதம்தான் வந்தது, கறுப்பின மக்களின் ஓட்டு அப்படியே ஹிலாரி பக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் பின்தங்கிய வேட்பாளர்தான், கடைசிவரை.

நான் ஆரம்பத்தில் சும்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என்னைப் பேச வைத்தது ஒரு பில். டிசம்பரில் மகளுக்கு நடுராத்திரி ஜுரம் 104 தாண்டிவிட்டது, பயந்துபோய் எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்து கொடுத்து இரண்டு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற நிம்மதியில் இருந்தேன், ஆறு வாரம் கழித்துத் தபாலில் 1,640 டாலருக்குத் தாள் வந்தது. டிடக்டிபிள் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரியும். முதல் சில ஆயிரம் நம் கையைக் கடித்த பிறகுதான் இன்சூரன்ஸ் கண் திறக்குமாம். அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தபோது யூனியன் அம்மா வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக வட்டம் போட்டார். போன் பண்ணி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலைப் பட்டியல் கேள், அப்புறம் மாதத் தவணை கேள், வட்டி இல்லாமல் தருவார்கள், பணிவாகப் பேசு, ஆனால் போனை வைத்துவிடாதே. சொன்னபடியே செய்தேன். 300 டாலர் குறைந்தது, மீதி பன்னிரண்டு தவணை. எல்லாருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்று ஒரு 74 வயதுக் கிழவர் ஏன் கத்துகிறார் என்று அதற்கப்புறம் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சோசலிசம் என்ற வார்த்தைக்கு இங்கே பயப்படுகிறார்கள். எங்கள் ஊரில் டீக்கடைக்கு டீக்கடை அரிவாள் சுத்தியல் கொடி நிற்கும், யாரும் பயந்ததில்லை, டீதான் குடிப்போம்.

கூட்டத்தோடு சேர்ந்தால் சும்மா இருக்க முடியுமா? பிரசாரக் கடையில் ஒரு ஸ்டிக்கராவது வாங்கலாம் என்று போனேன், பார்த்தால் அங்கே எதை வாங்கினாலும் அது நன்கொடைக் கணக்கில் வரும், எச்-1பி விசாக்காரன் நன்கொடை கொடுக்கக் கூடாது. சம்பளம் வாங்காமல் தன்னார்வலராகப் போகலாம், அதற்குத் தடையில்லை. இதைத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இரண்டு தடவை படித்து உறுதி செய்துகொண்டேன். மனைவி மூன்றாவது தடவை படிக்கச் சொன்னாள். "என்னங்க, நமக்கெதுக்கு இந்த வம்பு? நாளைக்கு விசா ஸ்டாம்பிங் போறப்ப கேட்டா என்ன சொல்லுவீங்க?" நியாயமான கேள்விதான். இருந்தாலும் ஒரு சனிக்கிழமை கடன்காரத் தம்பியோடு ஃபார்மிங்டன் ஹில்ஸில் வீடு வீடாகப் போனேன். கதவைத் தட்டுவது, பேசுவது எல்லாம் அவன். நான் துண்டறிக்கை தூக்கும் ஆள்.

ஏழாவதோ எட்டாவதோ வீட்டில் நம் ஊர் முகம். வாசலில் கோலம் ஸ்டிக்கர். அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி தமிழா? உள்ள வாங்க, குளிர்ல நிக்காதீங்க." காபி வந்தது, முறுக்கு வந்தது, கடன்காரத் தம்பி ஷூவைக் கழற்றத் தெரியாமல் முழித்தான். எண்பதுகளில் கார் கம்பெனி வேலைக்கு வந்து குடியுரிமை வாங்கியவர், ஹிலாரி ஆள். "அவர் சொல்றதெல்லாம் சரிதான். ஆனா ஜெயிக்க மாட்டாரே. ஜெயிக்காதவருக்குப் போட்டு ஓட்டை எதுக்கு வீணாக்கணும்?" என்றார். இதை நான் பையனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, எல்லாரும் இதையே சொல்லிவிட்டுப் போடாததால்தான் ஜெயிக்க மாட்டார் என்றான். பெரியவர் சிரித்துவிட்டார். மனசு மாறவில்லை, இன்னொரு காபி ஊற்றினார்.

மார்ச் 8 மிச்சிகன் ஓட்டெடுப்பு. கருத்துக்கணிப்புகளைச் சராசரி எடுத்தால் ஹிலாரி 20 புள்ளிக்கு மேல் முன்னால். அவர் ஜெயிக்க 99 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று ஒரு பிரபல கணிப்புத் தளம் போட்டிருந்தது. கணக்கு அதை அச்செடுத்து வந்து மேசையில் வைத்தார். யூனியன் அம்மா அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார். மெக்சிகோ, கனடாவோடு போட்ட நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் இந்த ஊரை என்ன பண்ணியது என்று கருத்துக்கணிப்பு எடுப்பவனுக்குத் தெரியாது, ஓட்டுப் போடுபவனுக்குத் தெரியும் என்பது அவர் வாதம். இரண்டு நாள் முன்னால்தான் ஃபிளின்ட்டில் விவாதம் நடந்திருந்தது. குழாய்த் தண்ணீரில் ஈயம் வந்த அதே ஃபிளின்ட், எங்களிடமிருந்து ஒரு மணி நேரத் தூரம். நான் கணக்கு பக்கம்தான் இருந்தேன். பொறியாளன், எண்ணைப் பார்த்தால் எண்ணை நம்புவேன். 99 என்றால் 99.

அன்று மாலை கடன்காரத் தம்பியின் காரில் பேட்டரி போய்விட்டது. நான்தான் சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெர்னி சட்டை போட்டிருந்தான், சாவடியிலிருந்து நூறடிக்குள் பிரசாரம் கூடாது என்பதால் கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனான். நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். போலீஸ் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, பூத் ஏஜென்ட் கூட்டம் இல்லை, ஒரு பாட்டி நாயைப் பிடித்துக்கொண்டு ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருகிறார். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தவன், ஓட்டுப் போட்டதற்குக் கொடுத்த ஸ்டிக்கரை எடுத்து என் கார் டேஷ்போர்டில் ஒட்டினான். பெட்ரோலுக்குக் கூலி என்றான்.

ராத்திரி பதினொன்றரை வாக்கில் தொலைக்காட்சியில் சாண்டர்ஸ் ஜெயித்தார் என்று போட்டார்கள். 49.7-க்கு 48.3, வித்தியாசம் 17,000 சொச்சம் ஓட்டு. சத்தம் போடாமல் குதித்தேன், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஓட்டில்லை, நான் தப்பாகக் கணித்திருக்கிறேன், எதற்குக் குதித்தேன் என்று மனைவி கேட்டாள், பதில் இல்லை.

மறுநாள் டோனட் டப்பாவோடு யூனியன் அம்மா. 2008-இல் மிச்சிகன் கட்சி விதியை மீறித் தேதியை முன்னுக்கு இழுத்ததில் ஒபாமா தன் பெயரையே சீட்டிலிருந்து எடுத்துவிட்டார், அதனால் ஒழுங்கான பழைய கணக்கே கருத்துக்கணிப்பாளர்களிடம் கிடையாது, அங்கேதான் சறுக்கினார்கள் என்று கணக்கு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு தாள். அன்று காலை எண் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தது, கடைசியில் நின்ற கணக்கு இது: மிச்சிகனில் சாண்டர்ஸுக்கு 67 பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இவர்கள்தான்), ஹிலாரிக்கு 63. அதே நாள் மிசிசிப்பியிலும் ஓட்டெடுப்பு, அங்கே ஹிலாரி 31, சாண்டர்ஸ் 5. ஆக, சரித்திரமே படைத்த ராத்திரியில் நம் ஆள் இன்னும் 22 பிரதிநிதி பின்னால் போயிருக்கிறார்.

எனக்கு இது தலையில் ஏறச் சிறிது நேரம் ஆனது. நம் ஊரில் ஒரு ஓட்டில் ஜெயித்தாலும் தொகுதி முழுசாக நம்முடையது. இந்தக் கட்சி பிரதிநிதிகளை ஓட்டு விகிதப்படி பங்கு போடுகிறது. மயிரிழையில் ஜெயித்தால் கிடைப்பதும் மயிரிழைதான். பின்தங்கியவர் ஜெயித்தால் மட்டும் போதாது, வெளுத்து வாங்க வேண்டும், அதுவும் பெரிய மாநிலங்களில். மார்ச் 15-இல் ஒஹையோ, ஃபுளோரிடா உட்பட ஐந்து மாநிலமும் கைவிட்டுப் போனதும் வித்தியாசம் 300-ஐத் தாண்டியது, மீதி இருக்கும் எல்லா மாநிலத்திலும் சேர்த்துக் கிட்டத்தட்ட 58 சதவீதம் எடுக்க வேண்டும் என்றார் கணக்கு. ஒஹையோதான் அதிகம் வலித்தது. பக்கத்து மாநிலம், இதே தொழிற்சாலைகள், இதே வயிற்றெரிச்சல், அங்கே 43 சதவீதம்தான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் விசித்திரம். வாஷிங்டனில் 70-க்கு மேல், அலாஸ்கா, ஹவாய், விஸ்கான்சின் என்று வரிசையாக ஜெயித்தார். போர்ட்லேண்ட் கூட்டத்தில் அவர் பேசும் மேடையில் ஒரு குட்டிப் பறவை வந்து உட்கார்ந்தது, அந்தப் படம் எங்கள் மேசையில் உப்பு டப்பாவோடு சாய்ந்து நின்றது. யூனியன் அம்மாவே நல்ல சகுனம் என்றார், நான் பல்லி விழும் பலன் சொல்லிக் கொடுத்தேன். வயோமிங்கில் 56 சதவீதம் எடுத்தார். இருந்தது 14 பிரதிநிதி, பிரித்தார்கள், ஏழுக்கு ஏழு. கணக்கு அந்தத் தாளை மேசையில் வைக்கவில்லை, மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நியூயார்க் 58-க்கு 42 என்று போனது. அங்கே கட்சிப் பதிவு இருந்தால்தான் ஓட்டு, கட்சி மாற முந்தைய அக்டோபரிலேயே கெடு முடிந்துவிட்டது. இதைச் சதி என்றான் கடன்காரத் தம்பி, விதி என்றார் கணக்கு, இரண்டும் ஒன்றுதான் என்றார் யூனியன் அம்மா. மீதி மாநிலங்களில் எடுக்க வேண்டும் என்று கணக்கு சொன்ன 58 சதவீதம் ஏப்ரல் கடைசியில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிவிட்டது. அப்போதுதான் சூப்பர் டெலிகேட் பேச்சு வந்தது. எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சிப் பெரிய மனிதர்கள் என்று 700 பேருக்கு மேல், யாருக்கு வேண்டுமானாலும் கை தூக்கலாம் என்பது அப்போதைய விதி. ஜனவரியில் இவர்கள் ஜனநாயகத்துக்கே அவமானம் என்று மேசையைத் தட்டிய கடன்காரத் தம்பி, மே மாதத்தில் ட்ரம்ப்போடு மோதினால் யார் தேறுவார் என்று பார்த்து இவர்கள் மனசு மாற வேண்டும் என்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை, சொன்னேன். அந்த மேசையில் நான் முதன்முதலாகக் குரல் உயர்த்தியது அன்றுதான். கூவத்தூர் எல்லாம் அப்போது நடக்கவில்லை, நடந்திருந்தால் உதாரணம் வசதியாக இருந்திருக்கும். அவன் ஒரு நாள் என்னோடு பேசவில்லை. மறுநாள் என் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் எடுத்துக்கொண்டான்.

ஜூன் 6 ராத்திரி, கலிபோர்னியா ஓட்டெடுப்புக்கு முந்தின நாளே, ஹிலாரிக்குத் தேவையான எண் சேர்ந்துவிட்டது என்று அசோசியேட்டட் பிரஸ் அறிவித்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரும் அதைப் பேசவில்லை. பில் தவணை எத்தனை முடிந்தது என்று யூனியன் அம்மா கேட்டார். நான்கு என்றேன்.

அந்த வாரம்தான் கம்பெனி எனக்கு கிரீன் கார்டுக்கு மனுப் போடப் போவதாகச் சொல்லியிருந்தது. அப்படியானால் அடுத்த தேர்தலில் நீ ஓட்டுப் போடலாமே என்றான் கடன்காரத் தம்பி. விளக்கினேன். வேலை வழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீத உச்சவரம்பு, இந்தியர்கள் வரிசையில் பத்து வருடத்துக்கு மேல் நிற்கிறார்கள், என் முறை வந்து கார்டு கிடைத்தாலும் அதற்கப்புறம் ஐந்து வருடம் கழித்துத்தான் குடியுரிமை. கணக்கு கைபேசியை எடுத்துப் பெருக்கினார், வகுத்தார், திரும்பவும் பெருக்கினார்.

"இந்த நிலைமையில இருந்துக்கிட்டா பெர்னி ஜெயிக்க மாட்டார்னு நீ சொன்னே?" என்றான் பையன். யூனியன் அம்மா சிரித்ததில் காபி சிந்தியது.

கணக்கு சிரிக்கவில்லை. சாண்டர்ஸ் தாளை மூடிவிட்டு என் பெயரில் புதுத் தாள் ஒன்று திறந்தார். அதற்கப்புறம் மிச்சிகனில் மூன்று அதிபர் தேர்தல் வந்து போய்விட்டன. அவரும் ஓய்வு பெற்று அரிசோனா பக்கம் போய்விட்டார். கிரீன் கார்டு வரிசை எதுவரை நகர்ந்திருக்கிறது என்று சொல்லும் விசா அறிக்கை மாதாமாதம் வந்ததும் அவரிடமிருந்து ஒரு வரி வரும். போன மாதம் வந்தது: "நகரவில்லை. வட்டிக்கு நீ எலுமிச்சை சாதம் தர வேண்டும்."