தங்கினார்கள், தங்கிவிட்டார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே டர்பனில் நான் நடத்தும் தமிழ் வகுப்பில் ஒரு பையன், "அக்கா, 'ஓவர்ஸ்டே'வைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டான். சென்னையிலிருந்து வந்த அவன் மாமா விசா முடிந்த பிறகும் சில நாள் இருந்துவிட்டாராம், வீட்டில் இப்போது அதே பேச்சுதான். தென்னாப்பிரிக்காவில் 30 நாளுக்குள் தாண்டினால் 12 மாதம், அதற்கு மேல் போனால் 5 வருடம், 'விரும்பத்தகாதவர்' என்று பட்டியலில் சேர்த்துவிடுவார்கள், அதனால் பயம் நியாயம்தான்.

'மிகைத்தங்கல்' என்று வாய்வரை வந்தது. ஆனால் எந்த வீட்டிலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை, அதனால் சொல்லவில்லை. "கெடு தாண்டித் தங்குவது" என்று சொன்னேன். விருந்தாளி என்றால் இன்னும் சுலபம், 'டேரா போட்டுவிட்டார்' போதும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று என் ஆயா சொல்லும். எரிச்சல் மிஞ்சினால் 'தங்கித் தொலைக்கிறான்'. கவனித்தால், 'ஓவர்' என்று ஆங்கிலம் முன்னால் ஒட்டுவதைத் தமிழ் பின்னால் வரும் துணைவினையில் ('விட்டார்', 'தொலைக்கிறான்' மாதிரி) வைத்திருக்கிறது, அதுவும் பேசுகிறவரின் மனநிலையோடு.

டர்பன் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கல். இங்கே ஆங்கிலத்தில் "எங்கே ஸ்டே பண்ணுகிறாய்?" என்றால் உன் வீடு எங்கே என்று அர்த்தம். அதை அப்படியே கொண்டுவந்து, "நான் சாட்ஸ்வொர்த்தில் தங்குகிறேன்" என்று தங்கள் டர்பன் பேட்டையைப் பற்றி எழுதுகிறார்கள். தமிழில் தங்குவது என்றால் கிளம்பப் போகிறவர் தங்குவது. சொந்த வீட்டில் நாம் இருக்கிறோம், குடியிருக்கிறோம்.

சரி, அப்படியென்றால் 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்து இறங்கினவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்த நம் ஆட்களும் தங்கினார்களா, இருந்தார்களா? ஐந்து வருடக் கூலி ஒப்பந்தம், பத்து வருடம் முடிந்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல். பலர் அந்தக் கப்பலில் ஏறவில்லை. கரும்பு வெட்டக் கை வேண்டியிருந்தவரை அது யாருக்கும் உறுத்தவில்லை, காய்கறி போட்டு விற்று இங்கேயே காலூன்ற ஆரம்பித்ததும் உறுத்தியது. 1895இல், டர்பன் இருக்கும் நேட்டாலின் அரசு ஒரு சட்டம் போட்டது: புதிதாக வருகிறவர்கள் ஒப்பந்தம் முடிந்து, திரும்பிப் போகாமலும் மறுபடி கூலிக்குக் கையெழுத்துப் போடாமலும் இருந்தால் வருடத்துக்கு 3 பவுண்டு, அதாவது 60 ஷில்லிங், வரி. ஒப்பந்தக் கூலி முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், அந்தக் கணக்கில் ஆறு மாதக் கூலி! பிறகு 16 வயதுப் பையன்களுக்கும் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கும்கூட அந்த வரி வந்தது. நம் ஆட்களின் 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல்தான் அது ஒழிந்தது.

இருந்ததற்கே வரி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் நெஞ்சு எரிகிறது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் கெடு தாண்டியவர்கள், நம் வீடுகளிலோ "அப்படியே இங்கேயே தங்கிவிட்டார்கள்" என்றுதான் சொல்கிறோம். அந்த 'விட்டார்கள்' வந்ததும் தங்கல் முடிந்து குடியிருப்பாகிவிடுகிறது, யாரிடமும் அனுமதி கேட்காமலே. இந்த ஒரு துணைவினையைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை.

பையனை இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னேன். 'மாமா விசா முடிந்தும் தங்கினார். ஆயாவின் தாத்தா டர்பனில் தங்கிவிடார்.' விடுபட்ட 'ட்'டைச் சிவப்புப் பேனாவில் போட்டுக் கொடுத்தேன்.