தலைப்பில் யார் பெயர்?

ஜமைக்கா ஓட்டக்காரர் நெஸ்டா கார்ட்டர் பெயரைத் தலைப்பில் போட்டிருந்தால் அந்தச் செய்தியை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அன்று நான் கேட்டதும் இதைத்தான். இன்றுவரை எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த ராத்திரி எங்கள் பத்திரிகை டெஸ்கில் நடந்த பேச்சு மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

2017 ஜனவரி 25. மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைந்த சூடு ஆறவில்லை, விளையாட்டுக்கு ஒரே பக்கம்தான். மறுநாள் கான்பூர் டி20, அதுதான் முதல் செய்தி. மீதி இடத்துக்குச் செய்தி ஏஜென்சியில் இது வந்தது: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் 4×100 தொடர் ஓட்டத்தில் ஜமைக்கா வென்ற தங்கம் பறிப்பு. முதலில் ஓடிய கார்ட்டரின் பழைய மாதிரியை எடுத்து மறுபடி சோதித்ததில் மீதைல்ஹெக்ஸனமைன் என்கிற ஊக்கி இருந்திருக்கிறது. ஒருவர் சிக்கினால் எல்லாருக்கும் போச்சு. கூட ஓடிய ஃபிரேட்டர், போல்ட், பவல் எல்லாரும் பதக்கத்தைத் திருப்பித் தரவேண்டும். போல்ட்டின் ஒன்பது தங்கம் எட்டானது.

‘ஊக்கமருந்து விவகாரம்: போல்ட் தங்கம் பறிப்பு’ என்று தலைப்பு வைத்து, போல்ட் படம் போடச் சொன்னேன். பக்கத்து சீட் தம்பி புதுசு. தயங்கித்தான் கேட்டான்.

“அண்ணே, மருந்து எடுத்தது அவர் இல்லையே. ஊக்கமருந்துன்னு போட்டு மேல அவர் படத்தை வச்சா, பார்க்கிறவன் என்ன நினைப்பான்?”

“உள்ளே படிச்சா தெரியுமில்ல?”

“உள்ளே யாருண்ணே படிக்கிறா?”

“கார்ட்டர்னு போட்டா தலைப்பையே எவனும் படிக்கமாட்டான்பா.”

அதற்கு மேல் அவன் பேசவில்லை. நியாயம் என் பக்கம் இருந்ததாலா, நான் சீனியர் என்பதாலா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கிடைத்தது நால்வரும் சேர்ந்து நிற்கிற படம். இரண்டு பத்தி அகலத்தில் அடங்காது. போல்ட்டை மட்டும் விட்டு மற்றதை வெட்டினோம். அப்படியும் அவர் தோளில் யாருடைய கையோ மிஞ்சியது. லேஅவுட் பையன் அதையும் தள்ளப் பார்த்தான், போல்ட்டின் காது போகும்போல இருந்தது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

தலைப்பில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. விவகாரம் ஊக்கமருந்துதான், போனது போல்ட்டின் தங்கமும்தான். ஆனால் தம்பி கேட்டது உண்மையா பொய்யா என்று அல்லவே.

அப்புறம் யோசித்தால், கார்ட்டரை வாசகருக்குத் தெரியாது என்கிறோமே, தெரியாமல் வைத்தது யார்? 2010-இல் இத்தாலியின் ரியெட்டியில் 100 மீட்டரை 9.78 விநாடியில் ஓடியவர். 2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். 2012 லண்டனில் 36.84 விநாடி என்று உலக சாதனை வந்த தொடர் ஓட்டத்திலும் முதல் ஆள் அவர்தான், அந்தத் தங்கம் பறிபோகவில்லை. அன்றெல்லாம் நாங்கள் போட்டது ‘போல்ட் அணி’. அவர் ஜெயித்தபோதும் போல்ட், சிக்கியபோதும் போல்ட்.

இதைச் சொல்வதால் அவருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஆகாது. அந்தப் பொருள் ஒருகாலத்தில் மூக்கடைப்பு மருந்தாக விற்றது, தடைப் பட்டியலில் அதன் பெயர் ஏறியதே 2010-இல்தான். இதெல்லாம் சரி. ஆனால் 2008-லும் அதே வகை ஊக்கிகளுக்கான பொதுத் தடைக்குள் அது வந்தது. உடம்பில் என்ன இருந்தாலும் ஓடுகிறவரே பொறுப்பு. 2013-இல் வேறொரு ஊக்கியில் சிக்கிய பவலும், சத்துப் பொருளில் அது கலந்திருந்தது என்று சொன்னார். அவருடைய 18 மாதத் தடையை விளையாட்டு நடுவர் மன்றம் 6 மாதமாகக் குறைத்தது. பவல் பெயரைத் தலைப்பில் போட அன்று யாரும் தயங்கவில்லை, அவரை எல்லாருக்கும் தெரியும்.

அந்தத் தங்கம் டிரினிடாட் அணிக்குப் போகும், ஜப்பானுக்கு வெள்ளி, பிரேசிலுக்கு வெண்கலம் என்று தம்பி ஒரு பத்தி எழுதியிருந்தான். இடம் இல்லை, எடுத்துவிட்டோம். ஒன்பது வருஷம் கழித்து ஜெயித்தவர்கள் யார் என்பது எங்கள் பக்கத்தில் வரவேயில்லை.

2018 மே 31-இல் கார்ட்டரின் மேல்முறையீடு தள்ளுபடியானபோது பக்கம் பார்த்தது அந்தத் தம்பிதான். கார்ட்டர் பெயரையே தலைப்பில் போட்டிருந்தான். ஒரு பத்தி அகலம், பக்கத்தின் அடியில், படம் கிடையாது. மறுநாள் அதைப் பற்றி ஆபீஸில் யாரும் பேசவில்லை. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவன் வைத்ததுதான் சரியான தலைப்பு என்றும் தோன்றியது.

இன்றைக்கு அந்த ஷிஃப்ட் வந்தாலும் போல்ட் பெயரைத்தான் போடுவேன். படத்தை மட்டும் மாற்றுவேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எந்தப் படம் என்றுதான் தெரியவில்லை.