ஒரு டீரெய்லர் வாங்கப் போய்: 3×8 சைக்கிள் 1×10 ஆன கதை

சேலத்துக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு. என் சைக்கிள் ஒன்பது வருஷப் பழசு: 27.5 இன்ச் சக்கரம், அலுமினியம் ஃபிரேம், முன்னால் 42, 32, 22 பல் கொண்ட மூன்று பல்சக்கரம், பின்னால் 11 பல்லிலிருந்து 32 பல் வரை எட்டுப் பல்சக்கரம் அடுக்கிய கேசட், 8 ஸ்பீடு. அதாவது 3×8. மலை ஏறுவதற்கு இதுவே போதும். என்னைப் படுத்தியது முன் டீரெய்லர்தான், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி. வளைவில் ஏற்றம் திடீரென்று கூடும்போது 32-லிருந்து 22-க்கு இறக்கினால் செயின் 22-ஐயும் தாண்டி ஃபிரேம் மேல் விழும். இறங்கி, கையைக் கருப்பாக்கிக்கொண்டு, மாட்டி, மறுபடி ஏற்றத்தில் கிளம்ப வேண்டும். ஒரே நாளில் நாலு தடவை விழுந்த அன்றைக்கு, முன்னால் ஒரே பல்சக்கரம் போதும் என்று முடிவு செய்தேன்.

அந்த நேரம் பார்த்து, கூட ஓட்டும் ஒருவர் தன் பழைய ஷிமானோ கம்பெனி டியோர் எம்6000 பின் டீரெய்லரை 1,800 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். 10 ஸ்பீடு. செயினைத் தளரவிடாமல் பிடிக்கும் கிளட்ச் உள்ளது. 42 பல் வரைக்கும் எட்டும். என்னுடையது 8 ஸ்பீடு ஆச்சே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்: டீரெய்லருக்குள் கிளிக் எதுவும் கிடையாது, அது ஸ்பிரிங் வைத்த ஒரு கை, கேபிள் இழுத்தால் நகரும், விட்டால் திரும்பும். எண்ணுவதெல்லாம் கைப்பிடியில் இருக்கும் ஷிஃப்டரின் வேலை. 8 ஆனால் என்ன, 10 ஆனால் என்ன?

இதில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இன்னும் 11,000 ரூபாய் போனது.

கேபிளில் ஒரு கோடு

வீட்டு மாடிப்படிக் கம்பியில் சீட்டைக் கயிற்றால் தொங்கவிட்டு, புது டீரெய்லரை மாட்டி, கேபிளைக் கட்டி, பெடலைச் சுற்றினேன். கேசட்டின் கடைசிச் சின்னப் பல்லில் (பல்சக்கரத்தைத்தான் இங்கே பல் என்கிறேன்) அழகாக ஓடியது. ஒரு கிளிக். செயின் அடுத்த பல்லுக்கு ஏற மனமில்லாமல் உரசிக்கொண்டே நின்றது. இன்னொரு கிளிக், ஒரு பல் ஏறியது. அடுத்த கிளிக்கில் மறுபடி உரசல். கேபிளை இறுக்கினேன், தளர்த்தினேன். ஒரு இடத்தில் சரி செய்தால் இன்னொரு இடத்தில் கெட்டது. ஏழு கிளிக்கும் முடிந்தபோது செயின் ஐந்து பல்தான் தாண்டியிருந்தது. பெரிய பல் இரண்டும் எட்டாத தூரத்தில்.

டீரெய்லர் எதுவரை நகரலாம் என்று நிறுத்தும் லிமிட் ஸ்க்ரூ தப்பு, கேபிள் பழசு என்று ஒரு சாயந்தரம் முழுக்க அதையே நோண்டினேன். ராத்திரி சாப்பிட்ட பிறகுதான் அளந்து பார்க்கத் தோன்றியது. ஃபிரேமின் கீழ்க்குழாயில் கேபிள் உறையில்லாமல் வெறுமனே ஓடும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். ஸ்கேலைப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினேன். ஒவ்வொரு கிளிக்காக அடித்துக் கோடு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தேன். ஏழு கிளிக்குக்கும் சேர்த்து 20 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 2.8.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. 8 ஸ்பீடு கேசட்டில் ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 4.8 மி.மீ. ஷிமானோவின் பழைய 6 முதல் 9 ஸ்பீடு வரையிலான டீரெய்லர்கள், கேபிள் 1 மி.மீ. இழுபட்டால் தாங்கள் 1.7 மி.மீ. நகரும். 2.8-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 4.8 கிட்ட வந்துவிடும். ஆனால் 2010-இல் மலை சைக்கிளுக்கு 10 ஸ்பீடு கொண்டுவந்தபோது ஷிமானோ இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. டீரெய்லர் 1.2 மடங்குதான் நகரும், அதை ஈடுகட்ட ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு 3.4 மி.மீ. இழுக்கும். கேபிள் அதிகம் நகர்ந்தால் சேறும் துருவும் உண்டாக்கும் சின்னப் பிசகு அவ்வளவாகப் பாதிக்காது என்பதுதான் யோசனை. நல்ல யோசனைதான். என் 8 ஸ்பீடு ஷிஃப்டர் இழுத்த 2.8, அந்த டீரெய்லரில் 3.4 மி.மீ. நகர்வாகச் சுருங்கிவிட்டது. தேவை 4.8. ஏழு கிளிக்குக்கு ஐந்து பல் என்பது அட்சரம் பிசகாமல் சரி.

ஆக, பார்க்க வேண்டிய ஜோடி ஷிஃப்டரும் டீரெய்லரும். பெட்டியில் போட்டிருக்கும் ஸ்பீடு எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம். பழைய 10 ஸ்பீடு ரோடு ஷிஃப்டர்கள் அந்த 1.7 கணக்கிலேயே இருந்ததால், 9 ஸ்பீடு மலை சைக்கிள் டீரெய்லரோடு ஒத்துப்போகும். தொலைதூரம் ஓட்டுகிறவர்கள் வெகுகாலம் அப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நேரம் 2023-இல் வந்த ஷிமானோ கியூஸிலும் 10 ஸ்பீடு உண்டு, டியோரிலும் 10 ஸ்பீடு உண்டு, ஆனால் கியூஸ் ஷிஃப்டர் டியோர் டீரெய்லரோடு சேராது. கியூஸ் கேசட்டில் பல்சக்கரங்களின் இடைவெளியே வேறு. விலை பார்த்து அந்தக் கேசட்டை வாங்க இருந்தேன், நல்ல வேளை. ஸ்ராம் என்ற இன்னொரு கம்பெனி முற்றிலும் தனிக் கணக்கு, அதற்குள் நான் போகவில்லை.

எவ்வளவு பல்?

சரி, டீரெய்லர் கையில் இருக்கிறது, அதற்கு ஏற்ற மாதிரி மற்றதை வாங்கலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப். பின் சக்கரத்தில் இருப்பது மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீலா, காடி வெட்டிய உருளையில் சொருகும் கேசட்டா என்று பார்க்க வேண்டும். ஃப்ரீவீலாக இருந்தால் ஹப்பையோ சக்கரத்தையோ மாற்றியாக வேண்டும், கணக்கு எங்கேயோ போய்விடும். என்னுடையது கேசட். 8, 9, 10 ஸ்பீடு மூன்றுக்கும் அதே உருளைதான். 12 ஸ்பீடு போகலாமே என்று ஆசை காட்டியவர்கள் உண்டு. ஷிமானோவின் மலை சைக்கிள் 12-க்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு வகை உருளை வேண்டும், என் ஹப்பில் அது ஏறாது. விட்டுவிட்டேன்.

பழைய சைக்கிளில் ஆகச் சுலபமான கியர் 22-க்கு 32. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 0.69 சுற்று. 10 ஸ்பீடு கேசட்டில் 11-42 எடுத்து முன்னால் 32 போட்டால் 0.76. ஏற்காட்டில் அந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். முன்னால் 30 போட்டால் 0.71. பழையதுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. 46 பல் கேசட்டும் இருக்கிறது, ஆனால் எம்6000-க்கு 42 தான் எல்லை. டீரெய்லரைக் கீழே இறக்கும் நீட்டிப்புக் கொக்கி மாட்டி ஏமாற்றலாம் என்கிறார்கள். ஒரு தடவை ஏமாந்தவன் நான்.

இழப்பு மேல் பக்கம். நிமிஷத்துக்கு 80 சுற்று மிதித்தால் முன்பு 42-11 கியரில் மணிக்கு 39 கி.மீ. போகும், இப்போது 30-11 கியரில் 28 தான். சமவெளியில் ரோடு சைக்கிள்காரர்களோடு ஓட்டுகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம். நான் சமவெளியில் 25-க்கு மேல் மிதிப்பதில்லை, இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருகிறவன்.

வலது பக்கம் இடது மரை

முன்னால் குறுகல்-அகலம் மாறி மாறி வரும் பல் கொண்ட 30 பல்சக்கரம், நாலு போல்ட், அவை நிற்பது 104 மி.மீ. வட்டத்தில். செயினின் உள் இணைப்பும் வெளி இணைப்பும் அகலத்தில் வேறு என்பதால், அந்தப் பல் செயினை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதை என் க்ராங்கில் (பெடலைத் தாங்கும் கை) மாட்டப் போனால் போல்ட்டே இல்லை. மூன்று பல்சக்கரத்தையும் ரிவிட் அடித்து ஒன்றாக வைத்திருக்கிறார்கள். மலிவு சைக்கிள்களில் இது சகஜம், முன்னாலேயே குனிந்து பார்த்திருக்க வேண்டும். ஷிமானோவின் ஹாலோடெக் 2 வகையில் பழைய க்ராங்க் ஒன்று தேடினேன். அதோடு, பெடல் அச்சைத் தாங்கி ஃபிரேமில் திருகியிருக்கும் கப்புகளும் மாற வேண்டும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இடது கப் வந்துவிட்டது. வலது கப் அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப்பைச் சொருகி, ஃபிரேமை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, பத்து நிமிஷம் தொங்கினேன். முடியாமல் எங்கள் தெரு முனை சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். கருப்பு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே பார்த்தார்.

"எந்தப் பக்கம் திருப்புனீங்க தம்பி?"

"இடது பக்கம்தாண்ணே. கழட்டறதுக்கு அதானே?"

"அப்போ இவ்வளவு நேரம் இறுக்கிட்டு இருந்திருக்கீங்க."

பெடல் சுற்றும்போது கப் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதால் வலது கப்பில் இடது மரை. கருப்பு சைக்கிளிலும் இதே மாதிரிதான் என்றார். மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டு, டீ வாங்கி வரச் சொன்னார். டீ குடித்து முடித்து, அதே பைப்பை வலது பக்கமாக ஒரு அமுக்கு. 'டக்'. எனக்கு ஒன்றும் பேச வரவில்லை.

இன்னொரு வேலையும் அவர் கையில்தான் முடிந்தது. டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் லேசாக வளைந்திருந்தது. 8 ஸ்பீடில் இது தெரியவே தெரியாது. 10 ஸ்பீடில் பல் இடைவெளி 3.95 மி.மீ. தான், சின்ன வளைவும் உரசலாகக் கேட்கும். அதைப் பார்க்கும் கருவி இரண்டு பேரிடமும் இல்லை. ஹேங்கர் ஓட்டையும் கைப்பிடி நெம்பிக் கழற்றும் குயிக் ரிலீஸ் பின் சக்கரத்தின் அச்சும் ஒரே 10 மி.மீ. மரை என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. கடையில் கிடந்த இன்னொரு கியர் சைக்கிளின் பின் சக்கரத்தை அப்படியே ஹேங்கரில் திருகினோம். இரண்டு சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மேலே இடைவெளி ஒரு அளவு, கீழே அதைவிட விரல் பருமன் குறைவு. அந்தச் சக்கரத்தையே பிடியாக வைத்து மெதுவாக வளைத்து, மேலும் கீழும் முன்னும் பின்னும் சமமாக்கினார். "இந்த வித்தை எனக்குத் தெரியாதே" என்றார். பைப் சமாசாரத்துக்கு ஈடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

செயின் நீளம்: டீரெய்லருக்குள் விடாமல் முன் 30, பின் 42 இரண்டையும் சுற்றி இழுத்துப் பார்த்து, அதற்கு மேல் ஒரு இன்ச் விட்டு வெட்டினேன். பழைய செயினின் இணைப்புக் கொக்கியை இதில் போடக் கூடாது. 8 ஸ்பீடு செயினின் வெளி அகலம் 7 மி.மீ.க்கு மேல், 10 ஸ்பீடு செயின் 6 மி.மீ.க்கும் கீழ். புது ஷிஃப்டர், கேபிள், உறை. மாட்டிய உடனே மறுபடி கோடு போட்டு அளந்தேன். ஒன்பது கிளிக்குக்கு 30 மி.மீ.யைத் தொட்டது. தேவையில்லாத வேலைதான், இருந்தாலும் பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஏற்காடு

அடிவாரம் தாண்டி முதல் வளைவுகளில் கவனித்தது சத்தம் இல்லாததை. முன்பு குழியில் இறங்கினால் செயின் ஃபிரேமில் 'தட தட' என்று அடிக்கும். கிளட்ச் செயினை இழுத்துப் பிடித்திருப்பதால் டயர் சத்தம் மட்டும்தான்.

42-க்குப் போனதும் 'கர்ர்' என்றது. டீரெய்லரின் மேல் சின்னச் சக்கரம் பெரிய பல்லை உரசுகிறது. சீட்டுப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அந்த இடைவெளியைக் கூட்டும் பி ஸ்க்ரூவை இரண்டு சுற்று உள்ளே திருகினேன், இடையில் 5, 6 மி.மீ. விழுந்ததும் சத்தம் நின்றது. மாடிப்படியில் ஆள் உட்காராமல் வைத்த அளவு, ரோட்டில் வேலைக்கு ஆகவில்லை போலிருக்கிறது.

மேலே போய்ச் சேரும் வரை செயின் ஒரு தடவைகூட விழவில்லை. கடைசி வளைவுகளில் 0.71-க்கும் 0.69-க்கும் வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இடது கைக்கு வேலையே இல்லை. எந்த வளைவில் எதை இறக்குவது என்ற கணக்கு மண்டையை விட்டுப் போய்விட்டது.

ஒரு குறை பாக்கி. 42-இல் இருக்கும்போது பெடலைப் பின்பக்கம் சுற்றினால் செயின் அடுத்த சின்னப் பல்லுக்கு நழுவுகிறது. முன் பல்சக்கரம் வெளிப்பக்கம் அதிகம் தள்ளி நிற்பதால் செயின் சாய்வாக ஓடுகிறது. என் ஃபிரேமில் கப் பொருந்தும் குழாய் 68 மி.மீ., வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் ஒன்று என 2.5 மி.மீ. ஸ்பேசர் போட்டிருக்கிறேன். வலதிலிருந்து ஒன்றை எடுத்து இடதில் போட்டால் பல்சக்கரம் அந்த 2.5 மி.மீ. உள்ளே வரும். 30 பல் என்பதால் ஃபிரேமில் இடிக்காது, அளந்துவிட்டேன். கப் கழற்றும் ஸ்பேனர் அண்ணன் கடையில் இருக்கிறது. அவர் பேத்தி காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார், வியாழக்கிழமை வருவாராம்.