பன்னிரண்டு வயதில் ஒரு வெட்டுப்புள்ளி

நியூசிலாந்தில் குளிர்காலச் சனிக்கிழமை காலை என்றால் ரக்பிதான். ஒக்லாந்தில் நாங்கள் குடிவந்த வீட்டிலிருந்து ஈடன் பார்க் மைதானம் நடந்து போகும் தூரம். நாட்டின் ரக்பி அணியான ஓல் பிளாக்ஸ் ஆடும் இரவுகளில் எங்கள் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு ஆட்டம் என்றால் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதும் கிரிக்கெட் மட்டுமே. கணவர் கண்டியில் படித்தவர். ரோயல் கல்லூரியும் டிரினிட்டி கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக ரக்பியில் மோதுவதைப் பார்த்தவர் என்பதால், மகன் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றே அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாமியார் தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: “பிள்ளையின் பல்லுக்கு என்ன பாதுகாப்பு?”

நியாயமான கேள்வி. இந்த நாட்டில் 1998 முதல் ரக்பி ஆடுபவர்கள் எல்லோருக்கும் வாய்க்காப்பு கட்டாயம். அதைச் சுடுநீரில் போட்டு, கொஞ்சம் இளகியதும் எடுத்துப் பல்லுக்கு நடுவே வைத்து அழுத்திக் கடிக்க வேண்டும். நேரம் கூடிப்போனால் உருவம் கெட்டு, மீன் வால் போலச் சுருண்டுவிடும். எங்கள் வீட்டில் அந்த வேலை தேநீர்க் கேத்தலுக்குப் பக்கத்தில் நடந்தது. கீழ்ப்பிரிவுகளில் பிள்ளைகள் வெறுங்காலுடன் ஆடுவதைப் பார்த்தபோது பல்லை மறந்து பாதத்தைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தேன். ஜூலை மாதப் புல் பனியில் வெளுத்துக் கிடக்கும். பிள்ளைகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இடைவேளையில் தோடம்பழத் துண்டுகளைச் சப்பிவிட்டு மறுபடி ஓடினார்கள்.

கழக ரக்பியில் யாரையும் ஒதுக்குவதில்லை. வந்த பிள்ளைகள் எல்லோரும் ஆடுவார்கள், பாதி ஆட்டமாவது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும்படி பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். பிரதிநிதி அணி அப்படியல்ல. கழகப் பருவம் முடியும் தறுவாயில் பல கழகங்களின் பிள்ளைகளை ஒரே மைதானத்துக்கு அழைத்து, தெரிவாளர்கள் பார்த்து, ஒரு பட்டியல் வெளியிடுவார்கள். பெயர் வந்தவர்களுக்கு மாகாணத்தின் நிறத்தில் மேற்சட்டை, வாரத்தில் கூடுதல் பயிற்சி, செப்டெம்பர் விடுமுறையை ஒட்டி வெளியூர்த் தொடர்.

2018இல் என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஆண்டுதான் பிரதிநிதி அணி என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. எங்கள் சமூகத்துக்கு இதைப் புரியவைக்க யாரும் சிரமப்படவில்லை, இலங்கையின் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைத் தாண்டி வந்தவர்கள் நாங்கள். தெரிவாவதற்கான குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளி என்றால் என்ன, அதற்கு மேலே பெயர் வந்தால் வீட்டில் என்ன நடக்கும், கீழே போனால் என்ன நடக்கும் என்பதெல்லாம் எங்கள் இரத்தத்தில் ஊறியவை. மகன் தெரிவுக்குப் போகிறான் என்று தெரிந்ததும், கோயிலில் சந்தித்த ஓர் அக்கா தனி வகுப்பு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பாஸ் செய்யவும் உதைக்கவும் காசுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் இங்கேயும் உண்டு.

தெரிவு நாளில் பிள்ளைகளின் முதுகில் எண்களை ஒட்டினார்கள். பக்கக்கோட்டில் அட்டையும் பென்சிலுமாகச் சிலர். சிறு சிறு ஆட்டங்கள், ஆளை மாற்றி மாற்றி. நான் ஆட்டத்தைவிடப் பிள்ளைகளின் உயரத்தைத்தான் பார்த்தேன். வயதுப் பிரிவு ஜனவரி முதலாம் திகதியில் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்த என் மகனுக்கும் ஏறக்குறைய ஒரு வயது இடைவெளி, ஆனால் ஒரே பிரிவு. பன்னிரண்டு வயதில் ஓராண்டு என்பது எலும்பிலும் தோளிலும் அப்பட்டமாகத் தெரியும். முன்பிறந்தவன் பெரியவனாக இருக்கிறான், அதனால் தெரிவாகிறான், தெரிவானதால் நல்ல பயிற்சி கிடைக்கிறது, பயிற்சியால் மேலும் நன்றாக ஆடுகிறான். அடுத்த ஆண்டும் அவனே தெரிவாகிறான். விளையாட்டு ஆய்வாளர்கள் பல நாடுகளில், பல ஆட்டங்களில் கண்டு எழுதிய விஷயம் இது. இந்த ஊர்ப் பெற்றோர் பலருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, பட்டியல் வரும் இரவில் மின்னஞ்சலை மறுபடி மறுபடி திறந்து பார்ப்பார்கள்.

எங்களவன் பெயர் இருந்தது. எடை வரம்புள்ள அணியில், இரண்டாவது ஹாஃப்பேக். சிறு உடம்புக்காரர்களுக்கு ரக்பியில் உரிய இடம் அது. குவிந்து கிடக்கும் கால்களுக்கு நடுவிலிருந்து பந்தை எடுத்து, யாரும் வந்து விழுவதற்குள் அனுப்பிவிட வேண்டும். அவன் வலப்பக்கமாக எறியும் பந்து அம்புபோல் போகும், இடப்பக்கம் எறிந்தால் வாத்துபோல் தள்ளாடும். பயிற்சியாளர், சமோவாவிலிருந்து வந்த பெரிய மனிதர், மூன்று மாதமும் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டார். பந்தைத் தரையிலிருந்து மேலே தூக்காதே, பின்னால் இழுக்காதே, எந்தப் பக்கம் அனுப்புகிறாயோ அந்தப் பக்கக் காலை முதலில் வை. மாலையில் எங்கள் கராஜ் கதவு இடிபட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, முழங்கை உயர்கிறது என்று மகனுக்குத் திருத்தம் சொன்னார். குடியேறி இத்தனை காலத்தில் அவர் எங்களுடன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

எடை வரம்பு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். நோக்கம் நல்லதுதான், பெரிய உடம்பு சின்ன உடம்பை நொறுக்கக்கூடாது. ஆனால் தொடரின் முதல் நாள் காலை எடைத் தராசுக்கு முன்னால் வரிசையில் நின்ற, தொங்கா தீவு நாட்டுக் குடும்பத்துப் பையன் ஒருவனின் முகம் எனக்குப் போதும். முந்தைய நாள் மாலையிலிருந்து சாப்பிடவில்லையாம். உதடு காய்ந்திருந்தது. காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு ஏறினான். முள் வரம்புக்குக் கீழே நின்றதும் நேராக என்னிடம் வந்து, “ஆன்டி, சாப்பிட ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டான். மகனுக்குக் கட்டியிருந்த ரொட்டியும் சம்பலும் அவன் வயிற்றுக்குள் போயின. உறைப்பில் கண் கலங்கியது, நிறுத்தவில்லை. வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டுத்தான் நியாயமான ஆட்டம் நடத்த முடியுமென்றால், அந்த நியாயத்தை இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

தங்கியது ஒரு மராயேயில். மாவோரி மக்களின் பொதுக்கூடம், அவர்களுக்கு முன்னோர் இருக்கும் இடம். வாசலில் ஒரு முதிய பெண் குரலெடுத்து அழைத்த பிறகே நாங்கள் உள்ளே நடக்கலாம். செருப்பு வெளியே. உள்ளே உணவு கிடையாது, தலையணைமேல் உட்காரக்கூடாது. மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு இவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, எனக்கு அந்த வேலை இருக்கவில்லை. செதுக்கிய மரத்தூண்களுக்குக் கீழே மெத்தைகளை வரிசையாகப் போட்டு அணி முழுவதும் படுத்தது. நான் சமையலறையில் தாய்மாருடன் குமரா, அதாவது வற்றாளங்கிழங்கு, சீவினேன். என் கத்தி ஓடும் வேகத்தைப் பார்த்து மூட்டையை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். யாருடைய மகன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதைத் தாண்டி, வேலை, வாடகை, மாமியார் என்று பேச்சு போனது. வந்தேறியாக இந்த நாட்டில் நான் வாய்விட்டுச் சிரித்த முதல் இரவுகளில் அது ஒன்று.

ஆட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தோற்றவைதான் அதிகம்.

அடுத்த ஆண்டு நாடே இந்த விஷயத்தில் சண்டை பிடித்தது. 2019இல் ஒக்லாந்தின் வடகரையிலுள்ள நோர்த் ஹாபர் ரக்பி சங்கம் பதினான்கு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிரதிநிதி அணிகளை நிறுத்திவிட்டது. தெரிவாகாத பிள்ளைகள் ஆட்டத்தையே விட்டுப் போகிறார்கள் என்பது ஒரு காரணம். பிள்ளைகளைப் பஞ்சில் பொத்தி வளர்க்கிறார்கள் என்று ஒரு பக்கம் கொதித்தது. அதே ஆண்டு ரக்பி, கிரிக்கெட், காற்பந்து, ஹொக்கி, நெட்போல் ஆகிய ஐந்து விளையாட்டு அமைப்புகளும் அரசின் ஸ்போர்ட் நியூசிலாந்தோடு சேர்ந்து, சிறுவர் விளையாட்டை மாற்றுவோம் என்று கையெழுத்திட்டன. எல்லாரும் ஆட வேண்டும், சின்ன வயதிலேயே ஒரே ஆட்டத்தில் கட்டிப்போடக்கூடாது என்பது அதன் சாரம். புலமைப்பரிசில் பரீட்சையை நிறுத்தலாமா என்று ஊரில் பல ஆண்டுகளாக நடக்கும் வாதத்தின் அதே வரிகள் இங்கேயும் கேட்டன. என் வாக்கு நோர்த் ஹாபர் பக்கம். தெரிவான ஒருவனின் தாய் சொல்வதால் இதற்குக் கொஞ்சம் எடை இருக்கும் என்று நினைக்கிறேன்.

கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மேற்சட்டை இல்லாவிட்டால் கராஜ் கதவு இடிபட்டிருக்காது என்பது அவர் கட்சி. அதிலும் உண்மை இருக்கிறது. மகன் பின்னர் உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் அணியில் ஆடினான், கோடையில் கிரிக்கெட்டும் ஆடினான். இடப்பக்கப் பாஸ் இப்போதும் நேராகப் போகிறது.

2022 நவம்பரில் ஈடன் பார்க்கில் பெண்கள் ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நியூசிலாந்துப் பெண்கள் அணியான பிளாக் ஃபெர்ன்ஸ் இங்கிலாந்தை 34-31 என்று வென்ற இரவில் எங்கள் தெருவே தூங்கவில்லை. அதன் பிறகு எதிர்வீட்டில் குடிவந்த கோயம்புத்தூர்க் குடும்பத்தின் எட்டு வயது மகள் ரக்பி ஆட வேண்டும் என்று அடம் பிடித்தாள். அவள் அப்பா என்னிடம் வந்து, பிரதிநிதி அணித் தெரிவு எந்த வயதில் தொடங்குகிறது என்று கேட்டார். சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கழக மைதானத்துக்கு அவளை அழைத்து வரச் சொன்னேன். அவர் அதையும் குறித்துக்கொண்டு, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.