ஸ்டெப்னியைக் கதவிலிருந்து இறக்குவோம்: ஜிப்ஸிக்கு ஒரு சுழல் கை

மாருதி ஜிப்ஸியின் பின்கதவு, கம்பெனி போட்ட 205/70ஆர்15 டயரைச் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது. அந்த டயரின் விட்டம் 668 மி.மீ. காட்டுப்பாதைக்கும் சேற்றுக்கும் என்று 235/75ஆர்15 மட் டயர் போட்டால் விட்டம் 733 ஆகிறது. இரும்பு ரிம்மோடு சேர்த்து ஸ்டெப்னி மட்டும் 25 முதல் 30 கிலோ வரும். ஒவ்வொரு குழியிலும் அந்த எடை கதவுக் கீலைப் பிடித்து இழுக்கும். முதலில் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டிவரும். அடுத்து லாக் ஒரு பக்கமாகத் தேயும். கடைசியில் ஸ்டெப்னி பிராக்கெட்டைச் சுற்றித் தகரம் கிழியும். கதவைத் திறந்து நுனியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் புதுக் கீல் போடுவது தற்காலிக வைத்தியம்தான். எடையையே கதவிலிருந்து எடுத்து, சேஸிஸில் போல்ட் போட்ட பம்பருக்கு மாற்ற வேண்டும். பம்பரின் ஒரு முனையில் நின்று சுழலும் கை, அதன் மேல் டயர், மறுமுனையில் கையைப் பூட்டிப் பிடிக்க ஒரு லேட்ச். அவ்வளவுதான் அமைப்பு.

கையை வெட்டி ஒட்டுவது எந்த வெல்டிங் பட்டறையிலும் நடக்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டே இடத்தில்: சுழலும் அச்சிலும் லேட்சிலும். அங்கும் தப்பு பொருளில் இருப்பதில்லை, வேலை செய்யும் வரிசையில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கு. டயர் 30 கிலோ, அதன் மையம் அச்சிலிருந்து 65 செ.மீ. கையின் எடை 12 கிலோ, அதன் மையம் 45 செ.மீ. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் 2490 கிலோ-செ.மீ., அதாவது கிட்டத்தட்ட 25 கிலோ-மீட்டர் (எடை × தூரம்) திருகுவிசை. மேல் பேரிங்குக்கும் கீழ் பேரிங்குக்கும் இடையே 10 செ.மீ. இருந்தால் ஒவ்வொன்றின் மேலும் பக்கவாட்டில் சுமார் 250 கிலோ விழும். இடைவெளியை 5 செ.மீ. ஆக்கினால் அது 500 ஆகிவிடும். அதனால் ஹப், அதாவது பேரிங்குகளை உள்ளே வைத்து அச்சைச் சுற்றிச் சுழலும் குழாய், குட்டையாக இருக்கக் கூடாது. இது வண்டி நிற்கும்போது வரும் சுமை. லேட்ச் பிடிக்காமல் ஓடும் வண்டியில் குழிக்குக் குழி இதன் இரண்டு மூன்று மடங்கு எகிறும்.

கேட் கீலை வைத்துச் செய்கிறவர்களும் உண்டு. கேட் வீட்டு வாசலில் நிற்கிற பொருள், ஸ்பீடு பிரேக்கர் ஏறுவதில்லை. நைலான் புஷ்ஷும் அப்படித்தான். 10 செ.மீ. இடைவெளியில் 0.1 மி.மீ. தேய்ந்தாலே ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் லேட்ச் முனையில் 1 மி.மீ. ஆட்டம் தெரியும். அரை மி.மீ. தேய்ந்தால் கை சாத்தும் இடத்துக்கே வந்து சேராது. டேப்பர் ரோலர் பேரிங்தான் இதற்குச் சரி. தேய்ந்தாலும் மேல் நட்டை ஒரு சுற்றின் சிறு பங்கு இறுக்கினால் ஆட்டம் போய்விடும்.

கீழே 30206 (30×62 மி.மீ.), மேலே 30205 (25×52 மி.மீ.). இரண்டும் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும் சாதாரண எண்கள். அடியில் தண்ணீர் புகாமல் 40×62×8 அளவில் ஆயில் சீல் ஒன்று. சீலின் வெளிவிட்டமும் கீழ் பேரிங்கின் வெளிவிட்டமும் ஒரே 62 என்பதால் ஹப்பை ஒரே அளவில் குடைந்தால் போதும்.

அச்சுக்கு 50 மி.மீ. இஎன்8 எஃகு ராடு, நீளம் 300 மி.மீ. வாங்குங்கள். லேத்தில் கீழிருந்து மேலாக இப்படிக் கடையச் சொல்லுங்கள்: பம்பருக்குள் இறங்கும் தண்டு 38 மி.மீ., அதன் அடிமுனையில் எம்30 மரை, பம்பர் மேல் உட்காரும் காலர் 50, சீல் ஓடும் பகுதி 40, கீழ் பேரிங்குக்கு 30, மேல் பேரிங்குக்கு 25, உச்சியில் எம்20×1.5 மரையும், நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னுக்கு 4 மி.மீ. துளையும். 40 அளவு 30 ஆகக் குறையும் மூலையை டூல் முனை போலக் கூர்மையாக விடக் கூடாது. 1 மி.மீ.க்குள் சின்ன வளைவு இருக்கட்டும். வளையும் விசை முழுவதும் குவிகிற இடம் அது. அச்சு முறிந்தால் அங்கேதான் முறியும். வளைவைப் பெரிதாக வைத்தாலும் தொந்தரவு, பேரிங் அடிவரை போய் உட்காராது.

அளவைத் தாளில் எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல் பேரிங்கையும் சீலையும் லேத்காரர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வெளி வளையம் ஹப்பில் தட்டி இறங்க வேண்டும். கீழ் பேரிங்கின் உள் வளையம் அச்சில் இறுக்கமாக உட்கார வேண்டும். மேல் உள் வளையம் மட்டும் கையால் தள்ளினால் நழுவ வேண்டும். அது நழுவாவிட்டால் நட்டை இறுக்குவதால் பலன் இல்லை.

இஎன்8-ஐ நேராக பம்பரில் வெல்டிங் செய்ய ஆசை வரும், வேண்டாம். கரி அதிகமுள்ள எஃகு அது. சூடேற்றாமல் ஒட்டினால் வெல்டிங் ஓரம் கண்ணாடி போல் இறுகி, பிறகு விரிசல் விடும். பம்பருக்குள் மேலும் கீழும் துளைத்து, 38 உள்விட்டமுள்ள சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ஸ்லீவை ஒட்டுங்கள். வெல்டிங்கில் ஸ்லீவ் கொஞ்சம் சுருங்கும் என்பதால் கடைசிக் குடைதலுக்கு அரை மி.மீ. மிச்சம் வைத்து, ஒட்டிய பிறகு ரீமரோ போரிங்கோ போட்டு அளவுக்குக் கொண்டுவரலாம். அச்சை அதில் இறக்கி அடியில் நட்டால் இறுக்கினால் நாளைக்கு வளைந்தாலும் கழற்றி மாற்ற முடியும். காலருக்குப் பக்கத்தில் 8 மி.மீ. பின் ஒன்று அடித்துவிட்டால் அச்சு தானாகச் சுற்றாது.

ஹப்புக்கு 80 மி.மீ. வெளிவிட்டமுள்ள தடித்த சீம்லெஸ் பைப், நீளம் 150. இங்கேதான் பலரும் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். ஹப்பை அழகாகக் குடைந்து, பேரிங் வளையத்தை அடித்து, அதற்குப் பிறகு கையை ஒட்டுகிறார்கள். வெல்டிங் ஆறும்போது ஒரு பக்கம் இழுத்து ஹப் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். பேரிங் ஓர் இடத்தில் இறுகி இன்னோர் இடத்தில் தளரும். முதலில் கையை ஹப்போடு முழுதாக ஒட்டுங்கள். ஆறட்டும். பிறகு அந்தக் கையோடு லேத்துக்குக் கொண்டுபோய் 62, 52 அளவுகளைக் குடையுங்கள், நடுவில் 45-க்கு மேல் போக வேண்டாம். முழுக் கை லேத்தில் சுற்றாது என்றால் ஹப்போடு 150 மி.மீ. நீளத் துண்டை மட்டும் ஒட்டிக் குடைந்துவிட்டு, மீதிக் கையை அந்தத் துண்டின் நுனியில் பின்னால் சேர்க்கலாம். சூடு ஹப்வரை வராது.

பம்பருக்கு 80×80×4 சதுரக் குழாய், 1.4 மீட்டர். சுமார் 13 கிலோ. சி சேனல் மலிவு, ஆனால் கை சாத்தியிருக்கும்போது பம்பரை வளைக்கிற விசை, கையை 90 டிகிரி திறந்ததும் பம்பரை முறுக்குகிற விசையாக மாறிவிடுகிறது. வாய் திறந்த சேனல் முறுக்குக்குத் தாங்காது, மூடிய பெட்டி தாங்கும். சேஸிஸ் முனைகளில் பிடிக்க 8 மி.மீ. பிளேட், பக்கத்துக்கு நான்கு எம்12 போல்ட், எல்லாம் 8.8 தரம். சேஸிஸ் பெட்டியின் குறுக்கே போல்ட் போகும் இடத்தில் உள்ளே ஸ்லீவ் வையுங்கள். இல்லாவிட்டால் இறுக்க இறுக்கப் பக்கம் நசுங்கும், போல்ட் இறுகியது போலத் தோன்றி ஆயிரம் கிலோமீட்டரில் தளரும். ஜிப்ஸிக்குப் பெட்ரோல் டேங்க் பின்னால் இருப்பதை மறக்க வேண்டாம். வண்டியில் வைத்து அளவு பார்க்கலாம், குறி போடலாம், வெல்டிங் முழுவதும் கழற்றி வைத்துத் தரையில்தான்.

கைக்கு 50×50×4 சதுரக் குழாய் 1.2 மீட்டர், டயர் நிற்கும் செங்குத்துக்கும் சாய்வுத் தாங்கலுக்கும் 40×40×3 குழாய் ஒன்றரை மீட்டர், ஹப்பும் கையும் சேரும் மூலைக்கு 6 மி.மீ. தகட்டில் முக்கோணங்கள் மேலும் கீழும். 3.15 மி.மீ. 7018 வெல்டிங் ராடை நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். எல்லா மூட்டையும் முதலில் டாக் (சின்னப் புள்ளி ஒட்டு) அடித்து, மூலைமட்டம் பார்த்து, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி ஒட்டினால் கோணல் குறையும். கதவுக் கீல் எந்தப் பக்கமோ அச்சும் அந்தப் பக்கம்தான். மாற்றி வைத்தால் கதவு பாதிக்கு மேல் திறக்காது.

சக்கரம் மாட்டும் தட்டு 8 மி.மீ. ஜிப்ஸி ரிம் ஐந்து துளை, 139.7 மி.மீ. வட்டம், ஸ்டட் எம்12×1.25. ஐந்தும் தேவையில்லை, மேலே ஒன்று, கீழே அடுத்தடுத்து இரண்டு போதும். அந்தக் கீழ் இரண்டின் மையங்களுக்கு நடுவே 82.1 மி.மீ., மேல் துளையிலிருந்து அவை ஒவ்வொன்றுக்கும் 132.9 மி.மீ. துளையிட்ட பிறகு ரிம்மை வைத்துப் பார்த்துவிட்டே ஒட்டுங்கள். தட்டு செங்குத்துக் குழாயிலிருந்து எவ்வளவு வெளியே நிற்க வேண்டும் என்பது ரிம்மின் ஆஃப்செட்டை, அதாவது பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. புத்தகக் கணக்கைவிட, தரையில் டயரைப் படுக்கவைத்து, ரிம்மின் பொருந்தும் முகத்திலிருந்து டயரின் உப்பிய பக்கம்வரை ஸ்கேலால் அளப்பது நம்பகமானது. அந்த அளவில் 5 மி.மீ. குறைத்து, செங்குத்தில் இரண்டு ரப்பர் பேட் வையுங்கள். நட்டை இறுக்கும்போது டயர் பேடில் லேசாக அழுந்தி நிற்கும். தட்டு மட்டும் தாங்கினால் டயர் குலுங்கி ஸ்டட் துளையைப் பெரிதாக்கும்.

இனி அச்சைச் சேர்ப்பது. ஹப்புக்குள் லித்தியம் கிரீஸ் அடைத்து, நட்டை இறுக்கிக்கொண்டே கையைப் பலமுறை சுற்றுங்கள். கனமாகச் சுற்றும் நிலை வந்ததும் நட்டைத் தளர்த்தி, மறுபடி மெதுவாக இறுக்கி, ஆட்டம் முழுக்கப் போன இடத்தில் நிறுத்தி, காட்டர் பின் போடுங்கள். ஓடும் சக்கரத்துக்கு விடும் சிறு தளர்வு இங்கே தேவையில்லை. இது ஒரு நாளைக்கு நாலுமுறை அரைச்சுற்று போகிற பேரிங், கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கலாம்.

லேட்ச் கடைசி வேலை. டயரை மாட்டிய பிறகுதான் அதன் இடத்தைக் குறிக்க வேண்டும். எடை ஏறியதும் கையின் நுனி சில மி.மீ. இறங்கும், பம்பரும் கொஞ்சம் வளையும். வெறும் கையில் அளந்து ஒட்டிய லேட்ச் டயர் ஏறியதும் பொருந்தாது. கையைத் தூக்கித் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கும். கதவில் பட்ட அதே கஷ்டம்.

லேட்சுக்கு எடையைத் தாங்கும் வேலை கொடுக்கக் கூடாது. பம்பரின் மறுமுனையில் 10 மி.மீ. தகட்டில் ஒரு சரிவு மேடை வையுங்கள். கை சாத்தும்போது அதன் அடி அந்தச் சரிவில் ஏறி, 2 அல்லது 3 மி.மீ. தூக்கப்பட்டு உட்கார வேண்டும். எடை மேடைக்குப் போய்விடும், அச்சுக்கும் பாதிச் சுமை குறையும். மேடையின் மேல் நைலான் துண்டு ஒன்றை ஸ்க்ரூ போட்டு வைத்தால் தேயும்போது அதை மட்டும் மாற்றலாம். லேட்ச் கையை உள்பக்கமாக, ஒரு ரப்பர் நிறுத்தத்தை நோக்கி இழுத்துப் பிடித்தால் போதும். அளவு திருகி மாற்றக்கூடிய கொக்கி வகை டாகிள் கிளாம்ப் (பிடியை மடக்கினால் இழுத்துப் பூட்டும் கொக்கி) நல்லது. அதன் பிடியில் பூட்டும் துளை இல்லாததை வாங்க வேண்டாம். அதில் ஒரு பின் கட்டாயம். அதிர்வில் டாகிள் தானாக அவிழ்ந்தால் 40 கிலோ இரும்பு சாலையில் பக்கவாட்டில் விரியும். இதற்கு மேல் பயப்பட வேண்டிய தவறு இந்த வேலையில் இல்லை.

திறந்த நிலையில் நிறுத்தவும் ஒன்று வேண்டும். சரிவில் நிற்கும் வண்டியில் கை தானாகத் திரும்பி வந்து விரலை நசுக்கும். ஹப்பின் அடியில் ஒரு வட்டத் தகடு, அதில் 100 டிகிரியில் ஒரு துளை, பம்பரில் 12 மி.மீ. ஸ்பிரிங் பின். கேஸ் ஸ்ட்ரட்டைவிட மலிவு, கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை.

பெயிண்டுக்கு முன் எல்லாக் குழாயின் தாழ்ந்த இடத்திலும் 6 மி.மீ. துளை போடுங்கள், உள்ளே சேரும் தண்ணீர் வடியட்டும். ஜிங்க் பிரைமர் இரண்டு கோட்டு, அதற்கு மேல் எந்த நிறமானாலும் சரி.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறும்படியான மாற்றங்களைத் தடுக்கிறது. பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் டயருக்குப் பின்னால் மறையக் கூடாது. பிளேட்டைக் கைக்கு மாற்றினால் அதன் விளக்கும் கூடவே போக வேண்டும், வயரை அச்சருகே தளர்வாக ஒரு சுற்று விட்டுக் கொண்டுபோங்கள். வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுவது நல்லது.

கையில் ஜெரி கேன் மாட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு: 20 லிட்டர் பெட்ரோல் கேனோடு 19 கிலோ வரும். அதை லேட்ச் பக்கம், அச்சிலிருந்து 1 மீட்டரில் மாட்டினால் மேலே போட்ட 25 கிலோ-மீட்டர் கணக்கு 44 ஆகிறது. மாட்டியே ஆக வேண்டுமென்றால் அச்சை ஒட்டி மாட்டுங்கள், அல்லது வண்டிக்குள் கட்டிவிடுங்கள்.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு சேஸிஸ் போல்ட் எட்டையும், அச்சின் அடி நட்டையும், ஸ்டட் நட் மூன்றையும் திரும்ப இறுக்குங்கள். இறுக்கியதும் ஒவ்வொன்றின் மேலும் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால் அடுத்த முறை ஸ்பானர் எடுக்காமலே தெரியும். ஸ்பீடு பிரேக்கரில் டக் என்று ஒரே சத்தம் வந்தால் மேடையின் நைலான் தேய்ந்திருக்கும். தொடர்ந்து கடகடவென்றால் டாகிள் கொக்கியை அரைச் சுற்று இறுக்குங்கள். இரண்டுக்கும் அடங்காவிட்டால் டயரைக் கழற்றி மேல் நட்டைப் பாருங்கள்.