டொமைனில் சேர அடம்பிடித்த எடைமேடைக் கம்ப்யூட்டர்

நீடாமங்கலம் பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில். குறுவை நெல் வரத்து நேரம். எடைமேடைக்கு விண்டோஸ் 11 போட்ட புது கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஏற்கெனவே ஆறு கம்ப்யூட்டர்கள் சர்வரின் டொமைனில், அதாவது எல்லாக் கம்ப்யூட்டர்களையும் யூசர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில், ஒழுங்காக ஓடுகின்றன, இது மட்டும் சேரவில்லை. 'டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்றே திரும்பத் திரும்பச் சொன்னது. டொமைனை நடத்தும் அந்தச் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். சர்வருக்குப் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, இன்டர்நெட்டும் வருகிறது. கேபிளை ஒருவர், சுவிட்சை ஒருவர் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. பிங் போகிறதென்றால் கேபிளில் குறையில்லை, அதைத் தொடவே வேண்டாம்.

அந்தச் செய்திப் பெட்டியில் 'டீடெய்ல்ஸ்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பாதி வேலை முடிந்தது. உள்ளே 232பி என்று முடியும் எண் இருந்தால், பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர் பதில் சொல்லியிருக்கிறது, ஆனால் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று சொல்லியிருக்கிறது. கேட்கக் கூடாத இடத்தில் போய்க் கேட்கிறோம் என்று பொருள். 5பி4 என்றால் பதிலே வரவில்லை, ஃபயர்வாலையும் சர்வரில் டிஎன்எஸ் சர்வீஸ் ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே வந்தது 232பி.

கம்ப்யூட்டர் டொமைன் கன்ட்ரோலரைத் தேடுவது டிஎன்எஸ்ஸில் உள்ள, எந்தச் சேவை எந்தச் சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் எஸ்ஆர்வி ரெக்கார்டை வைத்து. அந்த ரெக்கார்டு நம் சர்வரில்தான் இருக்கிறது. ரவுட்டருக்கோ கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8-க்கோ நம் மில்லின் டொமைன் பெயர் எப்படித் தெரியும்? அதனால் நெட்வொர்க் கார்டின் ஐபிவி4 அமைப்பில் டிஎன்எஸ்ஸாக 192.168.1.1 என்ற ரவுட்டர் முகவரியை எடுத்துவிட்டு, சர்வர் முகவரியான 192.168.1.10-ஐப் போட்டோம். மறுபடி முயன்றால் மறுபடியும் 232பி.

கமாண்ட் பிராம்ப்ட்டில், டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் கமாண்டான என்எஸ்லுக்கப் என்று அடித்ததும் குட்டு வெளிப்பட்டது. 'டிஃபால்ட் சர்வர்' என்ற இடத்தில் 192.168.1.10 இல்லை, எஃப்இ80::1 என்று நின்றது. அது ரவுட்டரின் ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்து வந்த முகவரி முறை) முகவரி. இப்போது வரும் ஃபைபர் ரவுட்டர்கள் ஐபிவி6 வழியாகத் தங்களையே டிஎன்எஸ் என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து விண்டோஸ் அந்த அறிவிப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஐபிவி4-இல் எவ்வளவு சரியாகப் போட்டாலும் கேள்வி முதலில் ரவுட்டருக்கே போகும். மற்ற ஆறு கம்ப்யூட்டர்களில் ஐபிவி6 டிக்கை யாரோ முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள், அதனால்தான் அவை தப்பித்தன. டிக்கை எடுப்பது அவசரத்துக்கு ஆகும். சரியான வழி, ரவுட்டரின் லேன் பக்க ஐபிவி6 அமைப்பில் டிஎன்எஸ் அறிவிப்பை நிறுத்துவது. நிறுத்திவிட்டு, சேமித்து வைத்திருக்கும் பழைய டிஎன்எஸ் பதில்களை அழிக்க ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் கொடுத்தோம். பிறகு என்எஸ்லுக்கப்பில் 'செட் டைப்=எஸ்ஆர்வி' போட்டு _எல்டாப்._டிசிபி.டிசி._எம்எஸ்டிசிஎஸ் என்பதோடு ஒரு புள்ளி வைத்து டொமைனின் முழுப்பெயரையும் சேர்த்துக் கேட்டால், சர்வர் பெயரும் 389 என்ற போர்ட்டும் வந்தன. இந்தப் பதில் வராமல் டொமைனில் சேர்க்க முயல்வது வீண் வேலை.

இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் '8.8.8.8 இருந்துவிட்டுப் போகட்டுமே' என்பார்கள். கூடாது. கரண்ட் போய் வரும்போது கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும், சர்வருக்குக் கூடுதல் நேரம் ஆகும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் இரண்டாவது முகவரிக்குத் தாவினால், சர்வர் வந்த பிறகும் உடனே திரும்பாது. வெளிப் பெயர்களுக்கு, சர்வரின் டிஎன்எஸ்ஸிலேயே ஃபார்வர்டராக, அதாவது தனக்குத் தெரியாத பெயரைக் கேட்டு வாங்கும் இடமாக, 8.8.8.8 போட்டால் போதும்.

அடுத்த முட்டுக்கட்டை நேரம். டொமைனில் அடையாளம் சரிபார்க்கும் முறையான கெர்பரோஸ், இரு கடிகாரங்களுக்கு இடையே 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். திரையில் நேரம் சரியாகத்தான் தெரிந்தது, ஆனால் டைம் ஜோன் அமெரிக்கப் பசிபிக்கில் கிடந்தது. யாரோ கடிகார முள்ளை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். உள்ளே கணக்குப் போட்டால் 12 மணி நேரத்துக்கு மேல் பிசகு. டைம் ஜோனை முதலில் இந்தியாவின் +5:30-க்கு மாற்றி, அப்புறம் நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முறை கரண்ட் போனாலும் தேதி பின்னால் போனால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள்.

இப்போது யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தால் 2732 என்ற பிழை. பழைய எடைமேடைக் கம்ப்யூட்டரின் பெயரையே புதியதற்கும் வைத்ததுதான் காரணம். 2022 அக்டோபர் அப்டேட்டிலிருந்து, ஒருவர் உருவாக்கிய கம்ப்யூட்டர் கணக்கை இன்னொருவர் மறுபடி பயன்படுத்துவதை விண்டோஸ் தடுக்கிறது. சர்வரில் டொமைன் கணக்குகளைப் பராமரிக்கும் ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸைத் திறந்து பழைய கணக்கை அழித்தோம், சேர்ந்துவிட்டது. புதுப்பெயர் வைத்தாலும் ஆகும், 15 எழுத்துக்குள் இருக்கட்டும்.

இங்கே வராவிட்டாலும் மற்ற இடங்களில் வரும் பிழைகள் சில. 1219 என்றால் டாலி (கணக்கு மென்பொருள்) ஃபோல்டருக்காக அதே சர்வரோடு வேறு யூசரில் மேப் செய்த டிரைவ் திறந்திருக்கிறது, நெட் யூஸ் * /டெலிட் கொடுத்துவிட்டு முயலுங்கள். 8557 என்றால் சாதாரண யூசர் கணக்குக்கு உள்ள 10 கம்ப்யூட்டர் வரம்பு முடிந்துவிட்டது, அட்மின் கணக்கால் சேர்க்க வேண்டும். டொமைன் என்ற தேர்வே மங்கலாகக் கிடந்தால் அது ஹோம் எடிஷன், புரோ கீ போடாமல் நகராது. எந்தப் படியில் நின்றது என்று தெரியாவிட்டால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் டீபக்கில் உள்ள நெட்செட்டப் லாக்கைக் கடைசி வரியிலிருந்து மேலே படியுங்கள்.

ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டொமைன் யூசரில் முதல்முறை நுழைந்ததும் டெஸ்க்டாப் காலியாக இருக்கும், 'எடைச் சீட்டு ஃபைல் எல்லாம் போச்சே சார்' என்று குரல் வரும். எதுவும் போகவில்லை. சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பழைய யூசர் பெயரில் அப்படியே கிடக்கும். அங்கிருந்து காப்பி எடுத்துப் புதிய டெஸ்க்டாப்பில் போட்டுக் கொடுத்தோம்.